இசைத்தட்டுகளின் ஒழுங்கு

நூல்களை அடுக்குதற்கு நூலகர்க்கு விதிகள் உண்டு. வீட்டிலே இசைத்தட்டுச் சேர்ப்போனுக்கோ அவனுடைய காதே விதி. வலிகாமத்துக் கிராமமொன்றில் வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது நானூறு தட்டுகளையும் அவ்வாறே வகுத்துவைத்திருந்தார்.

முதற் பிரிவினையை அவர் செய்யவில்லை; தட்டுகள் ஆக்கப்பட்ட பொருளே செய்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. கைதவறின் ஓடுபோல் நொருங்குபவை. 1948இல் அறிமுகமான நெடுநேரத் தட்டுகள் வைனைலால் ஆனவை. எளிதில் உடையா, ஆயினும் வெப்பத்தில் வளைந்துவிடும். அரக்குத் தட்டை மதுசாரத்தால் துடைத்தல் ஆகாது. அரக்கு அதிற் கரையும். இதனை அவர் ஒரு தட்டை இழந்தே கற்றார்.

குவித்து அடுக்கினால் அடித்தட்டுகள் பாரம் தாங்கா, சாய்த்துவைத்தால் நெளியும். ஆதலின் சாணுக்கொரு தடுப்புடன் மர அடுக்கொன்று செய்வித்து, அனைத்தையும் நிமிர்த்தி நிறுத்தினார். மாரியில் உறைகளிற் பூஞ்சணம் படரும். தை பிறந்ததும் அவற்றைக் கழற்றி நிழலில் உலர்த்துவார்.

வரிசைதான் அவரை வருத்தியது. பாடகர் பெயரால் அடுக்கினார். பின்னர் இராகத்தால் அடுக்கினார். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடமே ஓடும். இராசரத்தினம்பிள்ளையின் தோடியை அத்துணைச் சிறிய பக்கத்துள் அடக்கியதே ஓர் அதிசயம்! ஈற்றில், மனைவியார் மறைந்தபின், அவர் எவ்வேளையில் எதனைக் கேட்க விரும்பினாரோ அவ்வொழுங்கிலே தட்டுகளை மாற்றினார். பிறரால் அங்கு ஒன்றையும் தேடியெடுத்தல் இயலாது. எனவே தட்டுக்கு ஓர் இலக்கமிட்டு, கொப்பியொன்றிற் பதிந்தார்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்தபோது, சைக்கிளில் அரிசியும் காணி உறுதியும் அக்கொப்பியும் சென்றன. மறுவருடம் மீண்டபோது அடுக்கைக் காணவில்லை. ஓடு சிதறிய விறாந்தையில் தட்டுகள் குவிந்து கிடந்தன. வைனைல் தட்டுகள் வெயிலில் கிண்ணம்போற் குழிந்திருந்தன. பழுதின்றி எஞ்சியவை அறுபத்தொன்று.

புதிய அடுக்கு வந்தது. அதுவும் நானூறு தட்டுக்கான அளவிலேயே. இல்லாத தட்டு ஒவ்வொன்றுக்கும் அவர் கடதாசி மட்டையொன்றை வெட்டி, கொப்பியைப் பார்த்து இலக்கமெழுதி, உரிய இடத்திற் செருகினார். வெறும் மட்டைகள் எதற்கு என்று மகன் வினவினான்.

“இடம் விட்டால் மற்றவை சாய்ந்துபோம், தம்பி” என்றார் அவர்.