கடைசிப் பெயர்

என் போனில் மூன்று குமார்கள் இருக்கிறார்கள். ஏசி குமார், தண்ணி லாரி குமார், எல்.ஐ.சி. குமார். யாருடைய இனிஷியலும் எனக்குத் தெரியாது. அவர்கள் போனில் நான் "முடிச்சூர் ஐடி சார்" என்று இருக்கலாம். ஒரே பெயரில் பலர் இருந்தால் பிரித்துச் சொல்ல எதையாவது ஒட்டியாக வேண்டும். கைக்கு முதலில் அகப்படுவது தொழில்தான். டேட்டாபேஸ் ஆட்கள் இதை யூனிக் கீ பிரச்சினை என்போம்.

ஜெர்மன் நகரங்களுக்கு இந்தப் பிரச்சினை பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் வந்தது. ஊர் பெருத்தது, பெயர்கள் பெருகவில்லை. தெருவுக்கு நாலு ஹைன்ரிஷ், அஞ்சு கோன்ராட். இன்றைக்கும் ஜெர்மனில் "ஹின்ஸும் குன்ஸும்" என்றால் நம்ம "குப்பனும் சுப்பனும்" மாதிரி. ஹைன்ரிஷ், கோன்ராட் என்ற அந்த இரண்டு பெயர்களின் செல்லச் சுருக்கம் அது. வரி வசூலிக்கவும் பத்திரம் எழுதவும் இவர்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. மாவு அரைக்கும் ஹைன்ரிஷ், இரும்படிக்கும் ஹைன்ரிஷ் என்று எழுதினார்கள். இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் அந்த ஒட்டு பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கி குடும்பப் பெயராக உறைந்துவிட்டது.

இன்று ஜெர்மனியில் அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் முல்லர். மாவு மில்காரர் என்று அர்த்தம். அடுத்து வருபவை ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வேபர். கொல்லர், தையல்காரர், மீன்பிடிப்பவர், நெசவாளி. முதல் பத்துமே இப்படித் தொழிலிலோ ஊர்ப் பொறுப்பிலோ இருந்து வந்தவைதான். ஒலாஃப் ஷோல்ஸ் சான்சலராக இருந்தாரே, அந்தப் பெயருக்குப் பழைய பொருள் ஏறக்குறைய ஊர்த் தலைவர். ஏழு முறை ஃபார்முலா ஒன் சாம்பியனான ஷூமாக்கர் பெயரின் பொருள் செருப்பு தைப்பவர். அந்தச் சொல்லை உலகமே எழுந்து நின்று கத்தியது. அதன் தமிழ்ச் சொல்லை எங்கள் ஊரில் எப்போது, எந்தக் குரலில் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தக் காலத்தில் ஜெர்மானியர்களில் பெரும்பாலோர் உழவர்கள். அப்படியானால் உழவர் என்று பொருள்படும் பவுவர் அல்லவா முதலிடத்தில் இருக்க வேண்டும், முல்லர் எப்படி வந்தார்? ஊரே உழும்போது "உழுகிற ஹைன்ரிஷ்" என்றால் யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரியாது. மில் வைத்திருப்பவர் ஊருக்கு ஒருவர். பெயர் அவருக்கு ஒட்டும். இப்படி ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் சேர்ந்து சேர்ந்து நாடு முழுக்க லட்சக்கணக்கான முல்லர்கள். கூட்டத்தில் தனியாகத் தெரிகிறவனுக்குத்தான் பட்டப்பெயர் விழும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

முல்லருக்கு ஊரில் நல்ல பெயரும் இருக்கவில்லை. பல இடங்களில் பண்ணையாரின் மில்லில்தான் அரைக்க வேண்டும், வேறெங்கும் போகக் கூடாது என்று கட்டாயம். மாவைத் திருடுகிறான் என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. என் அம்மா இன்னும் மாவு மில்லில் மிஷின் பக்கத்திலேயே நின்று, "முந்தி மிளகா அரைச்சீங்களா?" என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கோதுமையைக் கொட்டவிடுவார். அந்தச் சந்தேகம் உலகப் பொது.

பெயர் உறைந்த பிறகு தொழில் மெல்லக் கழன்றுகொண்டது. சென்னையில் ஜெர்மன் படிக்க நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டுக்குப் போகிறோம். அந்த இடத்துக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று பெயர். ரிக் வேதத்தை சாயணர் உரையோடு 1849 முதல் 1874 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்த அதே மாக்ஸ் முல்லர். அவர் அப்பா வில்ஹெல்ம் முல்லர் கவிஞர். ஒரு மில்காரர் மகளைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளுக்குத்தான் ஷூபர்ட் இசையமைத்தார். அந்தக் கவிஞரின் அப்பாவோ டெஸ்ஸௌ நகரில் தையல்காரர். மில்காரர் என்று பெயர் வைத்த தையல்காரர், அவர் மகன் கவிஞர், பேரன் வேத ஆய்வாளர். பெயர் எங்கேயும் மாறவில்லை. தொழில் மூன்று தலைமுறையில் மூன்று.

எங்கள் புராஜெக்ட்டில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒருவர் இருக்கிறார். குடும்பப் பெயர் பாடர். ஒருநாள் கால் தொடங்கும் முன், வேறு யாரும் வந்து சேராத ரெண்டு நிமிஷத்தில், என் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து என்ன என்று கேட்டார். அப்பா பெயரின் முதல் எழுத்து, எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றேன். "அப்போ ஃபார்ம்ல லாஸ்ட் நேம் கேட்டா?" "அதுதான் எங்க வாழ்நாள் கஷ்டம்" என்றேன். பதிலுக்கு அவர் பெயரின் பொருளைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். குளியல் கூடம் நடத்துபவர். ஆட்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, சவரம் செய்து, கெட்ட ரத்தம் எடுத்து, பல் பிடுங்கி, புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். "எங்க முன்னோர்ல யாரோ ஒருத்தன் ஊருக்கெல்லாம் பல்லு புடுங்கியிருக்கான்" என்று மறுபடி சிரித்தார்.

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் என் தாத்தா செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான்.

தாத்தா ஊருக்கு நாவிதர். தோளில் அடைப்பப் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். உள்ளே கத்தி, கத்தரி, கிண்ணம், சாணைக்கல். சவரம் மட்டும் இல்லை, கட்டி அறுப்பது, புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் அவர்தான். பாட்டி பிரசவம் பார்ப்பார். தமிழ்நாட்டில் எங்கள் சாதிக்கு மருத்துவர் என்றே ஒரு பெயர் உண்டு. கூலி, அறுவடை முடிந்து களத்தில் அளந்துவிடும் நெல். அளக்கிற கை எப்படி அளந்ததோ அப்படி. பாட்டி கையில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து தாத்தாவை "டேய்" என்று கூப்பிட்டார்கள். நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

பாடர் சிரித்த சிரிப்பு எனக்குப் பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது. அவர் பேரில் கோபம் ஒன்றுமில்லை. இவரால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்றுதான். தேடிப் படித்தேன். அவர் முன்னோரும் சிரிக்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை என்று தெரிந்தது.

மத்தியகால ஜெர்மனியில் "மானமற்ற தொழில்கள்" என்று ஒரு பட்டியல் இருந்தது. தூக்குப் போடுபவர், செத்த மாட்டை உரிப்பவர் அதன் அடியில். பல ஊர்களில் நெசவாளி, இடையர், முல்லர், பாடர், நாவிதர் எல்லோரும் அதில் சேர்ந்தார்கள். தொழில் சங்கங்கள் இவர்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளாது. அப்பன் தொழில் மகனின் கதவை அடைத்தது.

1435ல் பவேரியாவில் ஒரு கொலை நடந்தது. ஆக்னஸ் பெர்னாவர் என்ற பெண். ஆவ்க்ஸ்பர்க் நகரத்து பாடர் ஒருவரின் மகள் என்று சொல்லப்படுகிறது. இளவரசன் ஆல்பிரெஷ்ட் அவளை விரும்பி, ரகசியமாகக் கல்யாணமும் செய்துகொண்டான் என்கிறார்கள். அவன் அப்பா எர்ன்ஸ்ட் பிரபு, மகன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவளைப் பிடித்து, ஸ்ட்ராவ்பிங்கில் டான்யூப் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார். அடுத்த வருஷம் அவரே அவளுக்கு ஒரு சிற்றாலயமும் கட்டினார். நாலாயிரம் மைலுக்கு மேல், ஆறு நூற்றாண்டு எல்லாம் தள்ளி நின்று படிக்க வேண்டிய கதை. எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. ஆணவக் கொலை என்று தமிழில் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அதை மாதத்துக்கு ஒருமுறையாவது செய்தியில் பார்க்கிறவர்கள் நாம்.

எனக்குக் காதல் கல்யாணம். மனைவி வீட்டில் படிப்பு, சம்பளம், முடிச்சூர் வீட்டுக்கு எவ்வளவு லோன் பாக்கி என்பது வரை கேட்டார்கள். எல்லாம் திருப்தி. அப்புறம் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரித்தார்கள். போனவர் கொண்டுவந்தது ஒரே ஒரு சொல். ரெண்டு வருஷம் அந்த வீட்டில் எங்களோடு யாரும் பேசவில்லை. என் பெயரில் அந்தச் சொல் இல்லை, அப்பா பெயரிலும் இல்லை. இருந்தும் நாலு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஜெர்மனியில் கறை தானாகப் போகவில்லை. 1548ல் பேரரசின் சட்டம், முல்லர், பாடர், நாவிதர், நெசவாளி பிள்ளைகளைச் சங்கங்கள் சேர்க்க வேண்டும் என்றது. சங்கங்கள் கேட்கவில்லை. 1577ல் மறுபடி சொன்னார்கள். 1731ல் இன்னொரு சட்டம். ஒரே உத்தரவைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்றால் யாரும் மதிக்கவில்லை என்று அர்த்தம். பிறகு 1810ல் பிரஷ்யாவில் தொழில் சுதந்திரம் வந்தது, யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்று. சங்கங்களின் பிடி விட்டது. பாடர் மகன் பாடராக இருக்க வேண்டியதில்லை, பாடர் மகளைத்தான் கட்ட வேண்டும் என்பதும் இல்லை. அதற்கப்புறம் பெயர் வெறும் பெயர்தான்.

நம்மிடமும் தொழிற்பெயர்கள் இருந்தன. சங்கப் புலவர்கள் பட்டியலைப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார். ஊர், தொழில், பெயர். கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியாரின் இயற்பெயர்கூட நமக்கு வரவில்லை, ஊரும் தொழிலும் மட்டும். குயத்தி என்ற சொல்லோடு "ஆர்" விகுதி சேர்ந்திருப்பதை நான் ரெண்டு மூன்று முறை திரும்பப் படித்தேன். என் தாத்தாவின் தொழிலோடு அந்த "ஆர்" யாரும் சேர்த்ததில்லை.

பின்னால் எப்போதோ தொழில் சாதியாக இறுகிவிட்டது. ஜெர்மனியில் பெயர் நின்று தொழில் கழன்றது. இங்கே பெயரை எடுத்தாலும் பிறப்பு கழலவில்லை. அதனால்தான் நாம் பெயரையே வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிய இடம் எங்களுக்குப் பக்கம்தான். தாம்பரத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் செங்கல்பட்டு. அங்கேதான் 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெரியார் தன் பெயரிலிருந்து நாயக்கரை அதற்கு முன்பே எடுத்துவிட்டார். இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்காத காரியம் இது. அமெரிக்க விசாவில் பாதித் தமிழர்கள் "முதல் பெயர் தெரியாது" என்று அச்சாகி நிற்பதற்கும் இதில் பங்குண்டு. அந்த அவஸ்தையை நான் சந்தோஷமாகப் படுவேன்.

பெயரை வெட்டினால் போதாது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில் பள்ளி பாதி நாள், மீதி நேரம் வீட்டுத் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி எதிர்ப்பு கிளம்பியது. 1954ல் ராஜாஜி விலக, காமராஜர் வந்ததும் திட்டம் போனது. பெரியப்பா அப்போது மூன்றாம் வகுப்பு. "காலைல வாய்ப்பாடு, மத்தியானம் தாத்தாவோட அடைப்பம். அந்தத் திட்டம் இன்னும் நாலு வருஷம் இருந்திருந்தா நீ இன்னிக்கி லேப்டாப் தூக்கியிருக்க மாட்ட" என்பார்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூருக்குள் படகு வந்தபோது, அப்பா மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது ஒரு பிளாஸ்டிக் பை. வீட்டுப் பத்திரம், மார்க் ஷீட், அதோடு லேமினேட் செய்த என் சாதிச் சான்றிதழ். எங்கள் பெயரில் எங்கும் இல்லாத அந்தச் சொல் அதில் மட்டும் டைப் அடித்திருக்கிறது. எனக்கு இன்ஜினியரிங் சீட் அதனால் கிடைத்தது. தாத்தாவின் களத்து நெல் பாக்கி அப்படித்தான் வசூலானது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அதில் எந்தக் கூச்சமும் இல்லை.

போன மாதம் மகளுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பித்தோம். குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன போடலாம் என்று நானும் மனைவியும் ஒரு சாயந்திரம் முழுக்கப் பேசினோம். கடைசியில் என் பெயரும் வேண்டாம், அவள் பெயரும் வேண்டாம் என்று காலியாக விட்டோம். "அவளே பெரியவளாகி ஏதாவது போட்டுக்கட்டும்" என்றாள் மனைவி.

அதற்கடுத்த வாரம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அடைப்பப் பை பரணில் இருந்தது. தோல் மடங்கி உடைந்திருந்தாலும் கத்தி அப்படியே இருக்கிறது. கைப்பிடிக்குக் கிட்டே ஏதோ எழுத்து. துடைத்துப் பார்த்தால் சோலிங்கன், ஜெர்மனி. கத்திக்குப் பேர்போன ஊர். அங்கே அடித்த கத்தி உலகம் முழுக்கப் போனது, உத்திரமேரூர்ப் பக்கமும் வந்திருக்கிறது.

அடுத்த காலில் கத்தியைக் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். பாடர் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து, "சோலிங்கன்!" என்றார். யாருடையது என்று கேட்டார். "என் தாத்தாவோடது. அவரும் பாடர்தான்" என்றேன். ஒரு நொடி புரியாமல் பார்த்துவிட்டு, "அப்போ நாம சொந்தக்காரங்க" என்று சிரித்தார். இந்த முறை நானும் சிரித்தேன்.

ஸ்டுட்கார்ட்டில் இருப்பவரிடம் சொல்வது சுலபம். சோழிங்கநல்லூர் ஆபீஸில், பக்கத்து சீட்டில் எட்டு வருஷமாக என்னோடு சாப்பிடுகிறவர்களிடம் சொன்னதில்லை. அவர்களில் ரெண்டு மூன்று பேராவது இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். திங்கட்கிழமை மத்தியானம் டிபன் பாக்ஸ் திறக்கும்போது பார்க்கலாம்.