நான்கு பந்துகள்

சிறுவனாயிருந்தபோது, எங்களூர்த் திடலில் கூடாரமடித்திருந்த சர்க்கஸுக்கு வாப்பா என்னை அழைத்துச் சென்றார்கள். அன்று கண்டவற்றுள் இரண்டு மட்டுமே நெஞ்சில் தங்கியிருக்கின்றன. மெலிந்த மனிதர் ஒருவர் ஏழு வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக எறிந்து, ஒன்றும் தவறாமல் பிடித்தார். எழுந்த கைத்தட்டல், உள்ளதைச் சொன்னால், மரியாதைக்குத் தட்டியதுதான். அடுத்து வந்த கோமாளியிடம் மூன்றே பந்துகள். அவற்றுள் ஒன்றைத் தவறவிட்டு, திகைத்து விழித்து, காலால் உதைத்து மீண்டும் கையில் சேர்த்தான். கூடாரமே அதிர்ந்தது. வீடு திரும்பும் வழியில், “வளையக்காரர் பாவம்” என்றார்கள் வாப்பா.

ஏன் பாவம் என்பது பின்னாளில்தான் விளங்கிற்று. எறிந்த பந்து காற்றில் இருக்கும் நேரத்தை இரு மடங்காக்க, உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். உயரம் கூடக்கூட, எறியும் கோணத்தில் நேரும் நூலளவு பிழை, விழுமிடத்தில் சாணளவாகிவிடும். ஐந்திலிருந்து ஏழுக்குச் செல்வதற்குள் ஆண்டுகள் கரைந்துபோகும். பார்ப்பவன் கண்ணோ ஒரே நோக்கில் நான்குக்கு மேல் எண்ணத் திணறும். ஏழும் ஒன்பதும் அவனுக்கு ‘நிறைய’ என்ற ஒரே எண்தான். 2012இல் அலெக்ஸ் பாரன் என்னும் ஆங்கில இளைஞர் பதினொரு பந்துகளை எறிந்து 23 முறை பிடித்தார். உலக சாதனை; சில விநாடிகளில் முடிந்துவிட்டது. அதன் அருமையை முழுதும் உணர, பார்ப்பவனும் பந்தெறிபவனாயிருக்க வேண்டும்.

ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் 1821இல் வெளியிட்ட நூலில் ‘இந்திய வித்தைக்காரர்கள்’ என்றொரு கட்டுரை உண்டு. லண்டனில் அவரை அசைத்தவை நான்கே பித்தளைப் பந்துகள். அவற்றைக் கண்டு, இவ்வளவு பிசகின்றி என்னால் செய்யக்கூடியது எது என்று தம் எழுத்தை எண்ணி நாணுகிறார். பிறகு சமாதானமும் தேடிக்கொள்கிறார்: பந்து விழுந்தால் தவறு உடனே தெரியும், எழுத்தில் அப்படியில்லை, ஆகவே இது கைப்பழக்கம், அது வேறு. அந்தச் சமாதானம் எனக்கு ஒப்பவில்லை. நாணியதே உண்மையென்று தோன்றுகிறது.

அவர் கண்ட கலைஞர் ராமோ சாமி என்று கருதப்படுகிறது. நம் ராமசாமியாகத்தான் இருக்க வேண்டும். இங்கிலாந்தும் அமெரிக்காவும் பாராட்டிய அவர் 1850இல் லண்டனில் இறந்தபோது, அடக்கச் செலவுக்கு அவருடைய மனைவி பத்திரிகை வாயிலாக உதவி கோர நேர்ந்தது.

இதையெல்லாம் நான் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. இருபது வயதில், மூன்று மாதம் உழைத்து யமகத்தில் முப்பது செய்யுள்கள் இயற்றினேன். ஒவ்வோர் அடியிலும் சொல் மடங்கி வந்தது. பொருள் மாறி நின்றது. நண்பரிடம் படித்துக் காட்டினேன். ஆறாவது செய்யுளில் அவர் உறங்கிவிட்டார். கோபத்தில் அந்த ஏட்டைப் பரணில் எறிந்துவிட்டு, எளிய கட்டுரைகள் எழுதலானேன். சிலர் சிரித்தார்கள், சிலர் பாராட்டினார்கள். எனினும் அக்கட்டுரைகளில் ஒரு சொல் தன்னிடத்தில் சரியாக வந்தமரும்போதெல்லாம், பரணில் கிடக்கும் யமகத்தின் பழக்கம் அதிலிருப்பதை நான் அறிவேன். அந்தக் கோமாளியும் முன்னொரு காலத்தில் ஏழு எறிந்தவனாகவே இருக்கலாம். வேண்டுமென்றே தவறவிட்டு, விழுந்த பந்தைக் காலால் மீட்பதற்கு எவ்வளவு தேர்ந்த உடல் வேண்டும்!

வளையக்காரரைப் பற்றி இன்னொன்று நினைவிருக்கிறது. ஏழாவது வளையம் கைக்கு வந்ததும் அவர் கூட்டத்தை நோக்கவில்லை. திரைச்சீலையோரம் நின்றிருந்த கோமாளியைத்தான் நோக்கினார். கோமாளி தலையசைத்தான்.