கழுத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி

கொஞ்சம் நீளமான இழை. 18 வயசு தாண்டினவங்களுக்கு மட்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல தட்டி விடறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா படிச்சுடுங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க.

உடலுறவு நேரத்துல துணையோட கழுத்தை அழுத்திப் பிடிக்கிறது. இணையத்துல இதுக்கு "மூச்சு விளையாட்டு"ன்னு பேரு. சில வருஷம் முன்னாடி வரைக்கும் தஞ்சாவூர்ல இதைப் பத்தி யாரும் என்கிட்ட கேட்டதில்லை. இப்ப இன்பாக்ஸ்ல அடிக்கடி வருது. கேள்வியும் ஏறக்குறைய ஒண்ணுதான்: "டாக்டர், ரெண்டு பேருக்கும் சம்மதம். பாதுகாப்பா செய்ய வழி இருக்கா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். இல்லை. ஏன் இல்லைங்கிறதுக்குத்தான் மிச்ச இழை.

இந்த ஆசை வர்றவங்களை நான் பைத்தியம்னோ கெட்டவங்கன்னோ சொல்ல வரலை. தலை லேசாகும், கண்ணு இருட்டும், உடம்பு மிதக்கிற மாதிரி இருக்கும்னு சொல்றாங்க. "என் உயிரையே உன் கையில குடுத்துட்டேன்"ங்கிற சரணடைதல் ஒரு பக்கம். "இவ்வளவு நம்பறாங்களே"ங்கிற கிறக்கம் இன்னொரு பக்கம். ரெண்டுமே மனுஷத்தனமான ஆசைதான். கேள்வி என்னன்னா, அந்த மிதப்பு எங்கிருந்து வருது?

டெல்டாக்காரங்களுக்கு ஆத்தை வச்சு சொன்னா சட்டுனு புரியும். ஜூன் 12 மேட்டூர் திறந்து, சில நாள்ல கல்லணை திறந்தா, புதாத்துல தண்ணி வந்துடும். சின்ன வயசுல முங்கி யாரு ரொம்ப நேரம் தம் கட்டுறாங்கன்னு போட்டி. பொம்பளைப் புள்ளை குதிக்கக் கூடாதுன்னு அம்மா கத்துவாங்க. அண்ணன் பின்னாடி ஒளிஞ்சு போய் நானும் குதிச்சிருக்கேன். தலையை வெளிய எடுத்ததும் ஒரு நிமிஷம் உலகமே சுத்தும் பாருங்க, அதுக்காகவே திரும்ப முங்குவோம்.

அந்த விளையாட்டுல ஒரு காவல்காரன் இருந்தான். "மூச்சு முட்டுது, மேல வா"ன்னு உடம்பு கத்துறது பெரும்பாலும் ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுறதாலதான். ஆக்சிஜன் குறையறது உடம்புக்கு அவ்வளவா உறைக்காது. அதனாலதான் முங்கறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சை இழுத்து இழுத்து விடறது ஆபத்து. கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு போய், அலாரம் அடிக்கறதுக்குள்ள நினைவு தப்பிடும். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்க ஆழமில்லாத தண்ணியில சாகறது இப்படியும் நடக்குது. (இந்த இழையோட விஷயம் வேற. ஆனா வீட்டுல பசங்க இருந்தா இதை மட்டுமாவது சொல்லி வைங்க.)

கழுத்தை அழுத்தும்போது அந்தக் காவல்காரனே வேலைக்கு வர்றதில்லை. மூளைக்கு ரத்தம் கொண்டு போற கரோட்டிட் தமனிகளும், திருப்பி எடுத்துட்டு வர்ற சிரைகளும் கழுத்தோட ரெண்டு பக்கத்துல தோலுக்குக் கீழேயே ஓடுது. மூச்சுக்குழாயை விட அதுங்க சீக்கிரம் அடைபடும். மூச்சு போயிட்டு வந்துட்டுதான் இருக்கும். முட்டவும் முட்டாது. மூளைக்கு மட்டும் ரத்தம் பத்தாது. அந்த மிதப்பு வேற எதுவும் இல்லைங்க, மூளை பட்டினி கிடக்க ஆரம்பிக்குது. மூச்சு விளையாட்டுங்கிற பேரே தப்பு.

எவ்வளவு நேரம்? 1943-ல அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களோட கழுத்துல ஒரு கருவியை மாட்டி, மருத்துவக் கண்காணிப்புல மூளைக்குப் போற ரத்தத்தை நிறுத்திப் பார்த்தாங்க. சராசரியா 7 விநாடிக்குள்ள நினைவு போயிடுச்சு. இன்னிக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதுக்கு அனுமதி தராது.

"பாதுகாப்புச் சொல் வச்சிருக்கோம் டாக்டர், கையைத் தட்டினா விட்டுடுவாரு"ன்னு எழுதுறீங்க. அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய மூளைதான் முதல்ல அணையுது. மேல இருக்கிறவருக்கும் தெரியாது. உடம்பு தளர்றது சுகத்துல தளர்ற மாதிரியேதான் இருக்கும். இன்னொன்னு, கழுத்துல ரத்த அழுத்தத்தை உணர்ற ஒரு இடம் இருக்கு. அதுல அழுத்தம் பட்டு சிலருக்கு இதயத்துடிப்பு சட்டுனு குறையும், அபூர்வமா நின்னே போகும். யாருக்கு அப்படி ஆகும்னு முன்கூட்டியே சொல்ல என்கிட்ட டெஸ்ட் எதுவும் இல்லை. "நூறு தடவை செஞ்சோம், ஒண்ணும் ஆகலை"ங்கிறது நூத்தி ஒண்ணாவது தடவைக்கு உத்தரவாதமும் இல்லை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குன்னு கமெண்ட் போடறவங்களுக்கு ஒரு தகவல். வாத்ஸ்யாயனரோட காமசூத்திரத்துல, கலவி நேரத்துல அடிக்கிறதைப் பத்திப் பேசற அத்தியாயத்துல, சோழ அரசன் ஒருத்தன் சித்திரசேனைங்கிற கணிகையை அப்படிப்பட்ட ஒரு அடியால கொன்னுட்டான்னு ஒரு குறிப்பு இருக்கு. நம்ம சோழன்தான், தஞ்சாவூர் தலைநகர் ஆகறதுக்குப் பல நூற்றாண்டு முந்தின சோழன். அது மார்புல விழுந்த அடின்னு உரை சொல்லுது, கழுத்து இல்லை. ஆனா கதை அதேதான்: சண்டை இல்லை, பகை இல்லை, கட்டில்ல ஒரு சாவு. வாத்ஸ்யாயனரும் ஒழுக்கப் பாடம் எடுக்கலை. வேகம் ஏறினவனுக்கு எதிர்ல இருக்கிற ஆபத்து கண்ணுல படாதுங்கிறதுதான் அவர் கவலை. எனக்கும் அதேதான்.

1791-ல லண்டன்ல கொட்ஸ்வாராங்கிற இசைக்கலைஞர் இதே மாதிரி கழுத்துல கயிறோட செத்தார். உடனிருந்த பெண் மேல கொலை வழக்கு, அப்புறம் விடுதலை. 2021 ஜனவரியில நாக்பூர் பக்கம் ஒரு லாட்ஜ்ல ஒரு இளைஞர்.

திருமூலர் திருவாவடுதுறையில இருந்துதானே மூச்சைப் பத்தி எழுதினார், பரியங்க யோகம்னு ஒரு பகுதியே இருக்கேன்னு ஒரு நண்பர் கேட்டார். இருக்கு. அது தன் மூச்சைத் தானே ஆள்றது. கட்டாந்தரையில உக்காந்து நீங்களா அடக்கினா, முடியாதப்ப உடம்பே திறந்துடும். அடுத்தவர் கைக்கு அப்படித் தானா திறக்கத் தெரியாது.

இப்ப என் அறைக்கு வாங்க. பலரோட கதையைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி சொல்றேன். புதுசா கல்யாணம் ஆன பொண்ணு. மூணு நாளா குரல் கம்மிப் போச்சு, எச்சில் முழுங்கினா வலி. "சளி பிடிச்சிருக்கு"ன்னு மாமியார்தான் பேசுறாங்க. கண்ணோட வெள்ளையில பொட்டுப் பொட்டா சிவப்பு. சளிக்கு அப்படி வர்றது வழக்கம் இல்லை. மாமியாரை "அம்மா, ரத்தப் பரிசோதனைக்கு கீழே சீட்டு வாங்கிட்டு வந்துடுங்க"ன்னு அனுப்பிட்டுக் கேட்டேன். ரொம்ப நேரம் துப்பட்டா நுனியையே பார்த்துட்டு இருந்தா. "அவருக்குப் பிடிக்கும் டாக்டர். எனக்கு... தெரியலை. வேணாம்னு சொன்னா என்ன நினைப்பாரோன்னு."

வெளிய நின்னுட்டு இருந்த பையன் வில்லன் எல்லாம் இல்லை. முகம் வெளிறிப் போய், "நெட்ல எல்லாரும் செய்யறாங்களே மேடம், அவளுக்கும் பிடிக்கும்னு நினைச்சேன்"ங்கிறான். கழுத்து ரத்தக்குழாய்க்கு சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்தோம், நல்லவேளை ஒண்ணும் இல்லை. ஆனா இதை ரெண்டு பேரும் உக்காந்து பேசினது அன்னிக்குத்தான் முதல் தடவை. சம்மதம்னு எனக்கு எழுதுறவங்கள்ல எத்தனை பேர் வாயைத் திறந்து கேட்டு, வாயைத் திறந்து பதில் வாங்கினீங்க? அமெரிக்காவுல ஒரு பெரிய பல்கலைக்கழகத்துல டெபி ஹெர்பனிக் குழு எடுத்த ஆய்வுல பாதிக்கு மேற்பட்ட மாணவிகள் உறவின்போது கழுத்து நெரிக்கப்பட்ட அனுபவம் உண்டுன்னு சொல்லியிருக்காங்க. ஆபாசப் படம் பாடப் புத்தகம் ஆனா இப்படித்தான்.

சட்டம் பத்தி ரெண்டு வரி. சாவையோ கொடுங்காயத்தையோ ஏற்படுத்தக்கூடியதுன்னு தெரிஞ்சே செய்யற செயலுக்கு சம்மதம் பாதுகாப்பு ஆகாது. பழைய ஐ.பி.சி. 87, இப்ப பாரதிய நியாய சன்ஹிதா 25. இங்கிலாந்துல 2021 சட்டமும் பாலின்பத்துக்காக சம்மதிச்சாங்கங்கிற வாதத்தைக் கடுங்காய வழக்குல ஏத்துக்கறதில்லை.

சரணடையற ஆசைக்கு என்ன பதில்? கண்ணைக் கட்டிக்கலாம், "நான் சொல்றப்பதான் அசையணும்"னு விளையாடலாம், காதுல அதிகாரமா பேசலாம். கழுத்து மட்டும் வேணாம். தனியா இருக்கும்போது கயிறு, துண்டு, பை எதுவும் வேணவே வேணாம். அதுல காப்பாத்த ஆளே இல்லை. பிரேதப் பரிசோதனை மேசைக்கு வந்தா வீட்டுல தற்கொலைன்னு நினைச்சு அழுவாங்க.

ஏற்கெனவே நடந்திருந்தா இதைக் கவனிங்க. குரல் மாறுறது, முழுங்க வலி, மூச்சுவிட சிரமம், கழுத்து வீக்கம், கடுமையான தலைவலி, ஒரு பக்கக் கண் இமை தொங்குறது, கை கால் ஒரு பக்கம் மரத்துப் போறது, பேச்சு குழறுறது, நடுவுல கொஞ்ச நேரம் ஞாபகமே இல்லாம இருக்கிறது, நினைவு தப்பினது, சிறுநீர் தன்னால போனது. ரத்தக்குழாய் உள்சுவர் கிழிஞ்சிருந்தா பக்கவாதம் சில நாள், சில வாரம் கழிச்சும் வரலாம். வெளிய தழும்பே இல்லைன்னாலும் உள்ள காயம் இருக்கலாம். கர்ப்பமா இருந்தா எதுவும் தெரியலைன்னாலும் உடனே வாங்க.

அவசரம்னா 108. எம்.எல்.சி. பதிவு போட வேண்டி வரலாம், அதுக்குப் பயந்து வீட்டுல உக்காந்திருக்காதீங்க. ஓ.பி.யில கூட்டமா இருந்தா "டாக்டர்கிட்ட தனியா பேசணும்"னு சொன்னா போதும். உள்ள வந்ததும் சுத்தி வளைக்காம "கழுத்தை அழுத்திட்டாங்க"ன்னு சொல்லுங்க. எந்த ஸ்கேன் எடுக்கணும்னு முடிவு பண்ண எங்களுக்கு அந்த ஒரு வரி வேணும்.