பத்தாயிரம் என்று யார் சொன்னது?

எங்கள் ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு எவனாவது வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தால், பரீட்சைக்குப் படிக்கிறான் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். அவன் வாட்ச்சில் இன்னும் 10,000 காலடி ஆகவில்லை. அவ்வளவுதான் :-)

அதென்ன 10,000 என்று தேடிப் பார்த்தேன். பெரிய டாக்டர்கள் கூடி முடிவு செய்த எண்ணாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அடுத்த வருஷமே, 1965-ல், யமாசா என்ற ஜப்பான் கம்பெனி, இடுப்பில் மாட்டிக்கொண்டால் காலடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்க ஆரம்பித்தது. பெயர் 'மன்போ-கெய்'. மன் என்றால் பத்தாயிரம், போ என்றால் காலடி, கெய் என்றால் அளக்கும் கருவி. ஆக, விற்பதற்காகச் சரக்குக்கு வைத்த பெயர், அறுபது வருஷம் கழித்து நம்ம ஆட்களுக்கு வேதவாக்கு!

2019-ல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு, அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் அதிகமான வயதான பெண்களை வைத்து இதைப் பார்த்தது. தினம் சுமார் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடமே இறப்பு குறைவு. 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை.

நடக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை சாமி. சர்க்கரை இருப்பவர் சர்க்கரையை அளந்துதான் ஆக வேண்டும். என் சண்டை, அளக்க வேண்டிய அவசியமே இல்லாததையும் அளப்பதோடு. தூக்கத்தைக்கூட விடவில்லையே! பரிசோதனைக் கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் தூங்கினீர்கள்" என்று டாக்டர்கள் சொன்ன பிறகும், கையில் கட்டிய கருவி வேறு மாதிரி சொல்கிறதே என்று கேட்டவர் உண்டு. 2017-ல் இதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

எனக்கு உறைத்தது இன்னொரு ஆய்வு. 2016-ல் ஜோர்டன் எட்கின் என்பவர் எழுதியது. படத்துக்கு வண்ணம் தீட்டுவது, நடப்பது, படிப்பது போன்றவற்றை எண்ணிக்கொண்டே செய்தவர்கள் அதிகம் செய்தார்களாம். ஆனால் அதில் இருந்த சந்தோஷம் குறைந்துவிட்டதாம். விளையாட்டு வேலையாகிவிட்டது.

இதை நான் எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போனால் சாயங்காலம் அப்பாவோடு டீக்கடை வரை நடப்பது வழக்கம். வழியில் நாலு பேர் நிறுத்திப் பேசுவார்கள், அரை மணி நேர நடை ஒன்றரை மணி நேரம் ஆகும். அக்கா வாட்ச் வாங்கிக் கொடுத்ததிலிருந்து அப்பா யாரிடமும் நிற்பதில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு விறுவிறுவென்று போகிறார். நான் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது.

போன மாசம், "இன்னிக்கு வாட்ச் வேண்டாமேப்பா" என்றேன்.

"அப்ப கணக்கு?"

"கணக்கு கிடக்குதுப்பா, வாங்க."

முனகிக்கொண்டேதான் கழற்றினார். அன்று வாய்க்கால் பாலத்துச் சுவரில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். மில்லில் ஆள் குறைக்கப் போகிறார்கள், தன் பெயரும் அதில் இருக்கலாம் என்று அப்பா சொன்னது அங்கேதான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாட்ச் கட்டுவதில்லை. அன்று அக்காவின் போனில் அப்பா பெயருக்கு நேரே பூஜ்யம் காட்டுகிறது. "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாடா?" என்று எனக்கு போன் வருகிறது.