வழி காட்டிய சிறு விமானம்

ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, ஸ்காபரோவிலிருந்து சுமார் ஒரு மணி நேரக் கார் ஓட்டத்தில் ஸ்கூகொக் ஏரி இருக்கிறது. கடந்த இலையுதிர்காலத்தில் அதன் கரையிலுள்ள போர்ட் பெரிக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். சோற்றுப் பார்சலைப் பிரிக்கையில் வானில் இயந்திரச் சத்தம். அம்மம்மா பதறி எழுந்துவிட்டார். அவருக்கு அது குண்டு போடவரும் சியாமாசெட்டி.

"பயப்பிடாதேங்கோ அம்மம்மா, இது அல்ட்ராலைற். ஒராளோ ரெண்டு பேரோ போற குட்டி விமானம்" என்றோம்.

இந்த ஏரிக்கு அருகே, பிளாக்ஸ்டொக்கில் வாழ்ந்தவர் சிற்பி பில் லிஷ்மன். வாத்துக்குஞ்சு முதலில் காணும் உருவத்தையே தாயாகக் கொள்ளும். குளிருக்குத் தெற்கே போகும் வழியைப் பெரியவற்றின் பின்னால் பறந்தே பழகும். தாயில்லாத குஞ்சுகளை லிஷ்மன் தமது அல்ட்ராலைற்றின் பின்னால் பறக்கப் பழக்கினார். 1993இல் அவரும் நண்பர் ஒருவரும் 18 கனடா வாத்துகளை அமெரிக்காவின் வேர்ஜீனியா வரை கூட்டிச் சென்றார்கள். அடுத்த வசந்தத்தில் அவற்றிற் பல தாமாகவே திரும்பி வந்தன. லிஷ்மன் 2017இல் காலமானார்.

"ஒருக்கா வழி காட்டினாப் போதுமோ?" என்று கேட்டார் அம்மம்மா. வீடு வந்து சேரும்வரை பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஊர் ஒழுங்கை, சந்தி, கோவிலடி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

நீங்களும் பிள்ளைகளோடு ஒரு ஞாயிறு போய் வாருங்கள்.