கொல்லிமலையில் கண்ட அறம்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஐப்பசிப் பனிமூட்டத்தினூடே மாணவர்களுடன் கொல்லிமலை ஏறினோம். ஐயாற்றின் அருகே அறப்பளீசுவரர் திருக்கோயிலைக் கண்டோம். அம்பலவாணக் கவிராயரின் நீதிநூலாகிய 'அறப்பளீசுர சதகம்' இவ்விறைவனை முன்னிலைப்படுத்தியே பாடப்பெற்றது.

"இசுலாமியராகிய நமக்கு இங்கு என்ன உரிமை, ஐயா?" என வினவினார் ஒரு மாணவர்.

இம்மலைக்குரிய வல்வில் ஓரியை நினைவூட்டினோம். வேட்டைக் காட்டில், தன்னை யாரென அறியாது எதிர்ப்பட்ட பாணர் புகழக் கேட்டு நாணி, ஊனும் தேனும் பொன்னும் ஈந்தவன் அவன் எனப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். வலக்கரம் ஈவதை இடக்கரம் அறியாதிருக்க வேண்டும் என்பதன்றோ நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த ஈகை!

வழிபாடு வேறாயினும், கொடுப்போர்க்குரிய நாணத்தில் இரு மரபும் ஒன்றுபடுகின்றன. தமிழ் பயிலும் நமக்கு ஓரியும் முன்னோனே.