ஞாயிற்றுக்கிழமை திட்டு, வியாழக்கிழமை ஓட்டு

அயர்லாந்தின் மேற்குக் கோடியில் மேயோ என்றொரு மாவட்டம். அதன் தலைநகரான காசில்பார் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலைக்கு 2019-ல் வந்து சேர்ந்தேன். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எண்பது வயது மனிதரைப் பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழாம் நம்பர் அறையில் இருந்தவரை முதல் நாள் ‘சார்’ என்றேன். அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“நான் என்ன வாத்தியாரா? ஜானோதான் வாத்தியார்.”

ஜானோ யாரென்று நான் கேட்கவில்லை. ஏதோ சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சில வாரங்களில் அந்தப் பெயர் எல்லாவற்றிலும் வந்தது. மழை வந்தால் ஜானோ. டோஸ்ட் கருகினால், “ஜானோ மேனேஜரா இருந்தா உங்க சமையல்காரனை இந்நேரம் வெளில உட்கார வெச்சிருப்பான்.” கடைசியில் கூட வேலை செய்த மலையாளி அக்காதான் சொன்னார், ஜானோ என்பது ஜான் ஓமஹோனி, இவர்களுடைய ஃபுட்பால் மேனேஜர், எம்.பி.யாகவும் இருந்தவர் என்று. (இங்கே நான் பேச ஆரம்பித்த உடனேயே “கேரளாவா?” என்பார்கள். இல்லை என்று சொல்லி, தமிழ்நாட்டை விளக்கி, முடிவில் “ஓ, கேரளா பக்கத்துல” என்பதில் போய் நிற்கும்.)

இந்த ஃபுட்பால் நமக்குத் தெரிந்த ஃபுட்பால் இல்லை. கேலிக் கால்பந்து. பக்கத்துக்குப் பதினைந்து பேர், பந்தைக் கையால் பிடிக்கலாம், குத்தித் தள்ளலாம், காலால் உதைக்கலாம். வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளி. கம்பத்துக்கு மேலே போனால், 2024 வரை, ஒரு புள்ளி. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. எண்பதாயிரம் பேர் பார்க்க டப்ளின் க்ரோக் பார்க்கில் ஞாயிறன்று ஆடிவிட்டு, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கோ வங்கிக்கோ வயலுக்கோ போய்விடுவார்கள். பிறந்த மாவட்டத்துக்குத்தான் பொதுவாக ஆடுவார்கள், ஏலத்தில் யாரையும் வாங்க முடியாது. அதனால் இங்கே தோல்வி என்பது சொந்தக்காரர் தோற்பது மாதிரி. மேயோ அந்த விஷயத்தில் பழுத்த மாவட்டம். 1951-ல் வாங்கியதுதான் அவர்களுடைய கடைசி அகில அயர்லாந்துக் கோப்பை.

ஏழாம் நம்பர் பெரியவர் அந்த 1951 இறுதிப் போட்டியைப் பத்து வயதில் ரேடியோவில் கேட்டவர். மீத் மாவட்டத்தை ஜெயித்த ஆட்டம். அதன்பின் எழுபது வருடம் காத்திருந்தார். ஜெயித்து ஊர் திரும்பும் வழியில், ஃபாக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில், எதிரே வந்த சவ ஊர்வலத்துக்கு மரியாதை தராமல் அணியின் வண்டி போய்விட்டதாகவும், அந்த அணியில் கடைசி ஆள் சாகும்வரை மேயோவுக்குக் கோப்பை இல்லை என்று பாதிரியார் சாபம் விட்டதாகவும் ஒரு கதை உண்டு. “பொய்யி” என்பார் பெரியவர். சொல்லிவிட்டு, அந்த அணியில் இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணுவார்.

ஜானோ மேயோவில் கில்மோவி என்ற ஊரில் 1953-ல் பிறந்தவர். பாலஹடரீன் என்ற ஊரில் செயின்ட் நேதிஸ் கல்லூரியில் ஆசிரியர். அந்த ஊரே ஒரு வேடிக்கை. 1898-ல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின்போது அதை மேயோவிலிருந்து பிரித்து ரோஸ்காமன் மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். வரி, ரோடு, ஓட்டு எல்லாம் ரோஸ்காமனுக்கு. ஆனால் அந்த ஊர் ஃபுட்பால் கிளப் மட்டும் இன்றுவரை மேயோவுக்கே ஆடுகிறது. அரசாங்கம் கோடு போட்டு நூற்றுக்கும் மேற்பட்ட வருடம் ஆகிவிட்டது, பந்து இன்னும் அந்தக் கோட்டை ஒத்துக்கொள்ளவில்லை. மேயோவில் ஃபுட்பாலையும் அரசியலையும் தனித்தனியாகப் பேச முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த ஊர்தான் நினைவுக்கு வரும்.

1989-ல் ஜானோ மேயோவை இறுதிப் போட்டிக்குக் கொண்டு போனார். 1951-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கார்க்கிடம் மூன்று புள்ளியில் தோற்றார்கள். 1991-ல் விலகினார். அடுத்து அவர் போனது லைட்ரிம். அயர்லாந்திலேயே ஆள் குறைந்த மாவட்டம், அப்போது மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய இருபத்தைந்தாயிரம். பஞ்சத்திலும் பிழைப்பிலுமாக லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய்ப் போய்க் காலியான மண். கானாக்ட் மாகாணக் கோப்பையை அவர்கள் கடைசியாக வாங்கியது 1927-ல்.

1994 இறுதி ஆட்டத்தில் லைட்ரிம் கோல் எதுவும் அடிக்காமல் பன்னிரண்டு புள்ளி. எதிரணி இரண்டு கோலும் நான்கு புள்ளியும், அதாவது பத்து. அறுபத்தேழு வருடத்துக்குப் பிறகு கோப்பை. அன்றைக்குக் கேப்டன் டெக்லன் டார்சி, 1927 அணியின் கேப்டன் டாம் கேனனோடு சேர்ந்து அந்தக் கோப்பையைத் தூக்கும் படம் ஒன்று இருக்கிறது. கிழவரும் இளைஞனும். இணையத்தில் அதை முதலில் பார்த்தபோது போனை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

“நல்ல படம்தான். எதிரணி யாருன்னு பாத்தியா?” என்றார் பெரியவர்.

மேயோ.

“நம்ம வாத்தியார் நம்மளையே அடிச்சான்.”

அது பரவாயில்லை, லைட்ரிம் பாவம், அவர்களுக்குக் கொடுத்ததில் கோபமில்லை என்பார். கோபமெல்லாம் கால்வே மேல். கால்வே பக்கத்து மாவட்டம், ஜென்மப் பகை. 1996, 1997 இரண்டு வருடமும் மேயோ இறுதிக்குப் போய்த் தோற்றது. அந்த நேரத்தில் ஜானோ கால்வேயின் மேனேஜராகிறார். 1998-ல் முதல் சுற்றில், அதுவும் காசில்பார் மைதானத்திலேயே மேயோவை அடித்து வெளியே அனுப்பிவிட்டு, நேராகப் போய் கில்டேரை ஜெயித்து அகில அயர்லாந்துக் கோப்பையை வாங்குகிறது கால்வே. அந்த அணியின் மாற்று கோல்கீப்பர் பேட் காமர் கேமராவும் கையுமாகத் திரிந்து அந்த வருடத்தை ஒரு ஆவணப்படமாக எடுத்திருக்கிறார். உடைமாற்றும் அறையில் ஜானோ பேசும் காட்சிகள் அதில் வரும். கத்தல் அதிகம் இல்லை, பரீட்சைக்கு முந்தின நாள் வகுப்பு மாதிரி இருக்கும். 2001-ல் மறுபடியும் கால்வேக்கே ஒரு கோப்பை.

“நம்ம வீட்டு ஆளு, நமக்கு ஒண்ணும் இல்ல, பக்கத்து வீட்டுக்கு ரெண்டு.” பெரியவர் இதைச் சொல்லும்போதெல்லாம் இரண்டு விரலைக் காட்டுவார். இடது கை வராது, வலது கை.

2021 மே மாதம் அப்பா போனார். கொரோனா. எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். கிளம்ப வழியில்லை. அக்கா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் வாட்ஸப்பில் பார்த்தேன். பிளாஸ்டிக் கவசம் போட்ட நான்கு பேர், சுற்றிக் கட்டிய உடம்பு, பத்து நிமிஷம். பாதியில் சிக்னல் போய் படம் உறைந்து, திரும்ப வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்பா போனில் எப்போதும் ஒரு கேள்வி கேட்பார். “அங்க இருக்கற பெரியவங்கள நல்லா பாத்துக்கறியாம்மா?” குத்திக் காட்டும் ஆள் இல்லை அவர், உண்மையாகவே அக்கறையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அது வேறு மாதிரி கேட்டது. அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் பக்கத்து வீட்டுப் பையன் வந்து போய்க்கொண்டிருந்தான். நான் இங்கே ஆறு பெரியவர்களுக்கு மாத்திரை கொடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். லீவு எடுத்து என்ன செய்வது, அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதா. பெரியவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, இங்கே சாவு வீட்டில் எல்லோரும் சொல்கிற ஒரே வாக்கியத்தைச் சொன்னார். உன் கஷ்டத்துக்கு வருந்துகிறேன் என்கிற மாதிரி வரும். ஆயிரம் பேர் தேய்த்த வாக்கியம்தான், அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு, “என் தம்பி சாவையும் நான் டிவிலதான் பாத்தேன், சர்ச் கேமரால” என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் வழக்கம்போல இரண்டு விரலைக் காட்டிக் கால்வே கதையை ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. “நானும் அதானே பண்றேன். பக்கத்து வீட்டுக்கு ஜெயிச்சுக் கொடுக்கறேன்” என்றேன். நோயாளியிடம் அப்படிப் பேசக் கூடாது. பேசிவிட்டேன்.

அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு 2007 தேர்தல் கதையைச் சொன்னார்.

2006 முடிகிற சமயத்தில் ஜானோ திரும்ப மேயோவுக்கே மேனேஜராக வந்தார். கூடவே ஃபினே கேல் கட்சி சார்பில் நாடாளுமன்றத் தேர்தலிலும் நின்றார். நாடாளுமன்றத்துக்கு இங்கே பெயர் ‘டால்’. (முதலில் கேட்டபோது எனக்கு ஹாஸ்டல் பருப்புதான் நினைவுக்கு வந்தது.) பெயர்தான் நாடாளுமன்றம், வேலையெல்லாம் உள்ளூர் வேலை. ரோட்டில் குழி, மருத்துவ அட்டை வரவில்லை, வீட்டு மானியம் நிற்கிறது என்று ஜனங்கள் போய்ப் பார்க்க உறுப்பினர்கள் ஊர் ஊராக உட்காருவார்கள். அதற்குப் பெயர் ‘கிளினிக்’. நர்ஸான எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போனது.

தேர்தல் மே 24, வியாழக்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு மேயோவுக்கு ஆட்டம். எதிரணி கால்வே. அவர் வளர்த்துவிட்ட அதே கால்வே. மேயோ தோற்றது. கேலிக் ஃபுட்பால் சங்கம் கட்சி சார்பற்றது என்று அதன் விதியிலேயே இருக்கிறது, ஆனால் வாக்காளர் மனசுக்கு விதி எழுத முடியுமா?

“ஞாயித்துக்கிழமை வீடு வரைக்கும் அவனைத் திட்டிக்கிட்டே வண்டி ஓட்டினேன். வியாழக்கிழமை போய் அவனுக்கு ஒண்ணு போட்டேன்.” இங்கே ஓட்டு என்பது முத்திரை இல்லை. பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுத வேண்டும். ஒன்று என்பது பெரிய விஷயம்.

“ஏன் போட்டீங்க?”

“திரும்பி வந்தான்ல. ரெண்டு கோப்பை வாங்கினவன், அப்படியே பேரோட இருந்திருக்கலாம். இங்க வந்தா திட்டுதான் கெடைக்கும்னு தெரிஞ்சே வந்தான்.”

அவரைப் போல நிறைய பேர் போட்டிருக்க வேண்டும். ஜானோ ஜெயித்தார். 2011-ல் மறுபடி ஜெயித்தார், பிறகு செனட்டிலும் இருந்தார். மைதானத்தில்தான் கணக்கு நேராகவில்லை. 2009-ல் கால்வேயை அடித்து ஒரு மாகாணக் கோப்பை. அடுத்த வருடம் லாங்ஃபோர்டு என்கிற சின்ன மாவட்டத்திடம் தோற்றார்கள், அத்தோடு விலகிவிட்டார். பெரிய கோப்பை மேயோவுக்கு வரவேயில்லை.

பெரியவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்றால் இல்லை. நான் திரும்பிப் போகவில்லையே. போனாலும் ‘எப்பம்மா வர்ற’ என்று கேட்கிற ஆள் அங்கே இல்லை. அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவும் இல்லை. ஜானோ விஷயத்தில் தப்பான எண்ணத்தோடு நான் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

அந்த வருடம் செப்டம்பர் 11-ம் தேதி மேயோ மறுபடி இறுதிப் போட்டியில் ஆடி டைரோனிடம் தோற்றது. அறையில் பச்சை சிவப்புக் கொடி கட்டியிருந்தோம். ஆட்டம் முடிந்ததும் கழற்றச் சொன்னார். அதே மாதம் 26-ம் தேதி பேடி பிரெண்டர்காஸ்ட் காலமானார், 1951 அணியில் மிஞ்சியிருந்த ஒரே ஆள். ரேடியோவில் செய்தி வந்தபோது பெரியவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். “ரெண்டு வாரம்...” என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தி, சோப்பு நுரையோடு சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த குளிர்காலத்தில் அவரும் போய்விட்டார். அந்தச் சாவுக்கு நான் நேரில் போனேன்.

2024 ஜூன் 7-ம் தேதி உள்ளாட்சித் தேர்தல். குடியுரிமை இல்லாவிட்டாலும், இங்கே வசிக்கிற யாரும் இதில் ஓட்டுப் போடலாம். அன்றைக்கே ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் தேர்தல் என்பதால் எனக்கு முன்னால் நின்றவருக்கு ஒன்றுக்கு மேல் தாள் கொடுத்தார்கள், எனக்கு ஒன்று மட்டும். ஊரில் நான் கடைசியாக ஓட்டுப் போட்டபோது அப்பா கூட வந்து வரிசையில் நின்றார். தடுப்புக்குப் பின்னால் பென்சிலோடு நின்று பெயர்களை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். யாருக்கு ஒன்று போட்டேன் என்பதைச் சொல்லப்போவதில்லை. எங்கள் இல்லத்துக்கு வரும் ரோட்டில் ஒரு குழி இருக்கிறது, அதைப் பற்றி வீட்டு வாசலில் வந்து பேசிய ஒரே ஆளுக்கு, என்பது வரை சொல்லலாம்.

ஒரு மாதம் கழித்து, ஜூலையில், ஜானோ இறந்த செய்தி வந்தது. 71 வயது. ஏழாம் நம்பர் அறையில் இப்போது இருப்பது கால்வே மாவட்டத்து டூயம்காரம்மா. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ரேடியோவைக் கேட்டவர் ஸ்பூனைக் கையால் விலக்கினார்.

“நம்ம ஆளு போயிட்டாரே.”

“உங்க ஆளா? அவர் மேயோக்காரராச்சே.”

“பொறந்தது அங்க” என்றார், ரொம்பப் பொறுமையாக. “ஆமா, நீ எந்த ஊரு?”

கேரளாவா என்று கேட்காமல் இப்படிக் கேட்டது அவர்தான் முதல். மன்னார்குடி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், “இரு இரு, 98-ஐப் பத்திச் சொல்றான், சத்தமா வை” என்றார். எழுந்து போய் ரேடியோவின் திருகைத் திருப்பினேன்.